கூடை சுமப்பவர்களும் வணிகர்களே

மீஞ்சூர் பஜாரில் கடை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் அண்மையில் ஒரு மனுவுடன் நம்மிடம் கையெழுத்து கேட்டு வந்தார்கள். கடை வாசல்களிலும் சாலையோரத்திலும் உட்கார்ந்து மீன் விற்கும் பெண்களை அப்புறப்படுத்த வேண்டும் என்பது மனுவின் சாரம். நாம் கையெழுத்திடவில்லை. வந்தவர்கள் மனவருத்தத்துடன் திரும்பினார்கள். நம் காரணத்தைச் சங்க அங்கத்தினர் அனைவரும் அறியும்படி எழுதுவதே முறை என்று கருதி இதை எழுதுகிறோம்.

நண்பர்களின் குறைகளில் நியாயம் இல்லாமல் இல்லை. மீன் கழுவிய தண்ணீர் வாசலில் தேங்குகிறது. செதிலும் குடலும் கால்வாயை அடைக்கின்றன. துணிக்கடைக்காரருக்கு வாடை ஒரு நஷ்டம். வாடகையும் லைசென்சும் வரியும் கட்டுபவர் நாம். வாசலை அடைப்பவர் வேறொருவர் என்ற கோபமும் இயற்கையே. ஆனால் அந்தப் பெண்களின் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று நாம் ஒருநாளாவது கணக்குப் போட்டதுண்டா?

நாம் ஷட்டரைத் தூக்கும் வேளையில் அவர்கள் பாதி வேலையை முடித்திருக்கிறார்கள். விடியுமுன்பே காசிமேடு துறைமுகத்தில் ஏலம் தொடங்கிவிடும். பல நாள் கடலில் தங்கிக் கரை திரும்பிய விசைப்படகுகளிலிருந்து சங்கராவும் வஞ்சிரமும் கவலையும் கூடை கூடையாக இறங்கும். பெரும்பாலும் கண் மதிப்பில்தான் விலை. பெரிய வியாபாரிகளோடு போட்டி போட்டு ஒரு கூடை எடுத்து, ஐஸ் போட்டு, ரயிலிலோ ஆட்டோவிலோ ஏற்றி இங்கே கொண்டு வந்து இறக்க வேண்டும். நம் கிடங்கில் புளி ஆறு மாதம் கிடந்தால் விலை ஏறவும் வாய்ப்புண்டு. மீன் மதியம் தாண்டினால் பாதி விலை. மாலையில் அதுவும் இல்லை. இத்தனை ஆபத்தான சரக்கைத் தினமும் கையில் எடுக்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

முதல் எங்கிருந்து வருகிறது? காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பும் கடன் இன்னும் ஒழியவில்லை. மாதம் 25 நாள் வியாபாரம் என்றால், 900 ரூபாய்க்கு வட்டி மட்டும் 2,500 ரூபாய். கந்துவட்டியைத் தடுக்க 2003-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. வட்டி கூடையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மீன் தாராளமாக வந்த நாளில் புளியும் மிளகாயும் மல்லியும் நல்லெண்ணெயும் தாமாக நகர்வதை மளிகைக்காரர் எவரும் அறிவார். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 தொடங்கி விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஆகியது. அந்த நாட்களில் நம் கல்லாவும் இளைக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுவதும் எண்ணெய் பரவியபோதும் மீன் வாங்கவே மக்கள் தயங்கினார்கள். கூடை காலியாகாதபோது மளிகைக் கடைப் பாக்கியும் அடைபடுவதில்லை.

அப்புறப்படுத்துவது அவ்வளவு எளிதும் அல்ல. 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் வெளியேற்றக்கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இடத்தைப் பற்றிப் பேச நகர விற்பனைக் குழு என்று ஒன்றை அதே சட்டம் வகுத்திருக்கிறது. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். வணிகர் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆக, மனுவைத் தூக்கிக்கொண்டு அலைவதை விட, அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் வழி நமக்குத் திறந்தே இருக்கிறது.

சங்க நிர்வாகிகளுக்கு நம் யோசனைகள் இவை. முதலாவது, பஜாரை ஒட்டி ஓரிடத்தைக் கேட்டு வாங்கி, சரிவான சிமெண்ட் மேடையும் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் அமைக்க உள்ளாட்சியை வற்புறுத்த வேண்டும். மேல்கூரைக்கு நம் சங்கம் பொறுப்பேற்கலாம். இரண்டாவது, மீனுக்குச் சம எடை ஐஸ் வேண்டும் என்பார்கள். தனித்தனியாக வாங்கினால் கட்டுபடியாகாது. மொத்தமாக வாங்கித் தருவது மொத்த வியாபாரிகளான நமக்குக் கைவந்த கலை. மூன்றாவது, 2020-ல் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் தெரு வியாபாரிக்கு வங்கிக் கடன் உண்டு. 10,000 ரூபாயாக இருந்த முதல் கடன் 2025-ல் 15,000 ஆக உயர்ந்தது. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியமும் உண்டு. விண்ணப்பம் எழுதவும் வங்கிக்கு உடன் செல்லவும் சங்கத்தில் ஒருவரை நியமித்தால் போதும். பதிலுக்கு, கடை வாசலை விடுவதும், கழிவைக் கூடையிலேயே எடுத்துச் செல்வதும், முத்திரையிட்ட தராசு வைப்பதும் அவர்கள் ஏற்க வேண்டிய கடமைகள். இதில் தயவு தாட்சண்யம் தேவையில்லை.

நம்மில் பலருடைய தகப்பனார்கள் சைக்கிளில் எண்ணெய் டின் கட்டியும், தலையில் துணி மூட்டை சுமந்தும் ஊர் ஊராகப் போய்த்தான் இன்றைய கடைகளுக்கு முதல் சேர்த்தார்கள். அன்று அவர்களை யாராவது தம் வாசலில் நிற்க விட்டிருக்கிறார்கள்.

மேற்சொன்ன யோசனைகளுடன் வேறொரு மனு எழுதி வந்தால், முதல் கையெழுத்து நம்முடையதாக இருக்கும்.