சிறுநீர் கூறும் சான்று

விழா மலரொன்றிலே சிறுநீரைப் பற்றி எழுதலாமோ எனச் சில அன்பர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு சுளித்தாரல்லர். சித்த மருத்துவர் எண்வகைத் தேர்வினுள் சிறுநீரையும் ஒன்றாக வைத்தனர். அதன் நிறமும் மணமும் நுரையும் நோக்குதல் நீர்க்குறி. அதன்மேல் எண்ணெய்த் துளியிட்டு அது பரவும் வகையை நோக்குதல் நெய்க்குறி. அவர்கள் கண்ணுக்குப் புலனாவதை ஆராய்ந்தனர். இன்றைய மருத்துவமோ கண்ணுக்குப் புலனாகாத கலங்களையும் ஆராய்கின்றது.

சிறுநீர்ப்பையின் உட்படையிலிருந்து கலங்கள் உதிர்ந்து சிறுநீருடன் வெளியேறுவது இயல்பு. ஆங்கே புற்றுநோய் தோன்றியிருப்பின் அந்நோய்க் கலங்களும் உடன் உதிரும். சாயமூட்டி நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்குமிடத்து, கரு பருத்து, நிறஞ் செறிந்து, வடிவு பிறழ்ந்த அவற்றை வல்லார் இனங்காண்பர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையாற் புகழ்பெற்ற பப்பனிக்கொலாவு என்பார், மார்ஷல் என்பாருடன் சேர்ந்து, 1945ஆம் ஆண்டில் இச் சிறுநீர்க் கலச் சோதனையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஊசியுமில்லை, கத்தியுமில்லை, நோயாளிக்கு வருத்தமுமில்லை.

ஆயினும் இச்சோதனையின் எல்லையை அறியாது அதனைப் போற்றுதல் தீங்காய் முடியும் என்பதே நம் கருத்து. விரைந்து பரவுங் கடுமையான புற்றின் கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பற்றாது எளிதில் உதிரும். அவற்றின் பிறழ்ச்சியுந் தெளிவாய்த் தோன்றும். கடுமை குறைந்த கட்டியின் கலங்களோ நல்ல கலங்களையே பெரிதும் ஒத்திருத்தலின் ஆராய்வார் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே, 'புற்றுக் கலம் உண்டு' என இச்சோதனை கூறின் அதனைப் பெரிதும் நம்பலாம். 'இல்லை' எனக் கூறின் அஃதொன்றையே நம்பி வாளாவிருத்தல் ஆகாது. குற்றஞ் சாட்டுவதில் நல்ல சாட்சி. விடுதலை அளிப்பதிற் போதாத சாட்சி. சிறுநீர்ப்பையினுள் மெல்லிய குழாயைச் செலுத்திக் கண்ணாற் கண்டறியுஞ் சோதனையின் இடத்தை இது கவரமாட்டாது. அதற்குத் துணையாகவே நிற்கும்.

நம்மவரிடையே இவ்வுண்மை ஏன் வற்புறுத்தப்பட வேண்டும்? சிறுநீர்ப்பைப் புற்றின் முதற் குறி பெரும்பாலும் நோவின்றிக் குருதி கலந்து நீர் போதலாகும். அது சிலநாளில் தானே நின்றுவிடுதலும் உண்டு. உடற்சூடு என்று சொல்லி இளநீர் பருகியவர், குருதி நின்றதும் நோயும் நின்றதென நம்பிவிடுகின்றார். மனைவியிடத்துஞ் சொல்ல நாணுகின்றார். கல்லும் கிருமித் தொற்றுங்கூடக் குருதியை வருவிக்கலாம் என்பது மெய்யே. எது காரணமென ஆராய்ந்து துணிபவர் வைத்தியரேயன்றி நோயாளியல்லர்.

புகைப்போர் இதிற் பின்னுங் கருத்தூன்றல் வேண்டும். 1895ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறுவை வைத்தியர் லூட்விக் ரென், சாயத் தொழிலாளரிடையே இச் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு உலகுக்கு எடுத்துரைத்தார். அத்தொழிலில் இந்நோயை விளைத்தனவெனப் பின்னர்த் துணியப்பட்ட இரசாயனப் பொருள்களுட் சில புகையிலைப் புகையிலும் உள. இந்நோய்க்குக் காரணமாவனவற்றுள் முதலிடம் பெறுவது இன்று புகைத்தலேயாம்.

யாதொரு குறியுமில்லாத அனைவரையும் இச்சோதனைக்கு உட்படுத்துக என நாம் கேட்டோமல்லோம். அதனால் வீண் அச்சமும் வீண் செலவுமே மிகும். நாம் வேண்டுவன இரண்டே. ஒருமுறையேனும் சிறுநீரிற் குருதி கண்டவர் நாணத்தை விடுத்து வைத்தியரை அடைதல் வேண்டும். கலச் சோதனையிற் குற்றமில்லை என்று எழுதிய தாளைப் பெற்றபின்னும், வைத்தியர் போதுமென்னும்வரை எஞ்சிய சோதனைகளைத் தட்டிக்கழியாதிருத்தல் வேண்டும்.

நம் பழைய மாணவருட் பலர் ஐம்பதைக் கடந்தவர். இந்நோய் மிகுதியும் பற்றுவது அவ்வயதின் மேலாரையே. வீட்டிலே தந்தையரும் பேரரும் உடைய இளைய மாணவர் இதனை அவர்க்கு எடுத்துரைப்பாராக. நாணத்தினும் உயிர் பெரிது.