பறக்கும் தட்டும் பழைய புரட்டும்

விழுப்புரம் ஜங்ஷனிலும் திண்டிவனத்துக் கடைவீதியிலும் சில வாலிபர்கள் நம்மைக் கண்டு, செல்போனில் சில படங்களைக் காட்டி, "ஐயா, இதற்குப் பகுத்தறிவுக்காரர்களாகிய நீங்கள் என்ன சமாதானம் சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். படத்தில் கறுத்த வானமும், வெள்ளைவெளேரென்று மரங்களும், நடுவே மங்கலாக ஓர் ஒளிவட்டமும் இருந்தன. அது வேற்றுலகத்தார் ஏறிவந்த பறக்கும் தட்டாம்! மனிதர் கண்ணுக்கு அது தெரியாதாம்; அகச்சிவப்புக் கதிர்களைப் பிடிக்கும்படி மாற்றியமைத்த காமிராவுக்கு மட்டுமே தெரியுமாம். அவர்களில் கூலி வேலை செய்யும் தோழர் ஒருவர், தாம் சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்து அப்படியொரு காமிரா வாங்கப் போவதாகவும் சொன்னார். ஆகவேதான் இதை எழுத நேர்ந்தது.

"கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது, காண வேண்டுமானால் எங்கள் கண்ணாடி வழியாகப் பார்" என்கிற பேச்சு நமக்குப் புதிதா? ஞானக்கண் என்று சொல்லித் தட்சிணை வாங்கினவர்கள் பேசியதும் இதுவேயல்லவா? அன்று ஞானக்கண், இன்று காமிராக் கண். வேஷம் மாறிற்றே தவிர வியாபாரம் மாறவில்லை.

அகச்சிவப்பு என்றால்தான் என்ன? 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வான சாஸ்திரி, சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்திலும் சூடு ஏறிற்று. அவ்வளவுதான் சங்கதி. உங்கள் வீட்டு டெலிவிஷன் ரிமோட்டின் முனையைச் செல்போனின் முன்பக்கக் காமிராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அமுக்குங்கள். பெரும்பாலான போன்களில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒரு வெளிச்சம் தெரியும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதற்காக ரிமோட்டுக்குள் வேற்றுலகத்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று சூடம் கொளுத்துவீர்களா?

காமிராவுக்குள் இருக்கும் சிலிக்கான் தகடு இயற்கையாகவே இக்கதிர்களை உணரக்கூடியது. படத்தின் நிறம் கெடாமலிருக்க, அதன் முன்னே ஒரு வடிகட்டிக் கண்ணாடியைத் தயாரிப்பாளர்கள் வைக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு, சாதாரண வெளிச்சத்தைத் தடுக்கும் வேறொரு கண்ணாடியை வைப்பதே இந்த 'மாற்றம்'. இலைகள் இக்கதிர்களை மிகுதியாகத் திருப்பியனுப்புவதால் மரம் வெள்ளையாகிறது, வானம் கறுக்கிறது. சாதாரண வெளிச்சத்துக்கென்று பூச்சுப் பூசிய லென்சுகளில் பல, அகச்சிவப்பில் படத்தின் நடுவே வெளிச்சத் திட்டு ஒன்றை உண்டாக்கும். எதிரே சூரியனோ தெருவிளக்கோ இருந்தால் லென்சுக்குள்ளேயே பிரதிபலித்துப் போலி உருவங்கள் விழும். லென்சுக்கு அருகே பறக்கும் பூச்சி, மங்கிய தட்டாகவே பதியும். ஏரிக்கரையில், அந்தி வேளையில், கொசுவுக்கும் ஈசலுக்குமா பஞ்சம்?

இந்தப் புரட்டு நேற்று முளைத்ததுமல்ல. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ட்ரெவர் ஜேம்ஸ் கான்ஸ்டபிள் என்பவர் அகச்சிவப்புப் பிலிமில் படம் பிடித்து, ஆகாயத்தில் கண்ணுக்குத் தெரியாத பிராணிகள் வாழ்வதாகவே சொல்லிவிட்டார். 2004ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி மெக்சிகோ நாட்டு விமானப் படையார், கண்ணுக்குப் புலப்படாத 11 ஒளிகளை அகச்சிவப்புக் கருவியில் கண்டு திகைத்தார்கள். உலகமெங்கும் பத்திரிகைகள் கூத்தாடின. ஆராய்ந்து பார்த்தவர்களோ, அவை காம்பெச்சே வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளின் மேல் எரியும் நெருப்பென்று காட்டினார்கள்.

நம் நாட்டுக் கதையையும் கேளுங்கள். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக் எல்லையில் நின்ற நமது பட்டாளத்தார் 329 தடவை மர்ம ஒளிகளைக் கண்டு குறித்து வைத்தார்கள். சீனாவின் உளவு விமானமோ என்று சந்தேகித்தார்கள். ஆனால் அவர்கள் கும்பிடவுமில்லை, கதை கட்டவுமில்லை. பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரைக் கேட்டார்கள். அவர்கள் கணக்குப் பார்த்துச் சொன்ன விடை, வியாழனும் சுக்கிரனும்! ஏமாந்ததில் அவமானமில்லை; சோதிக்க மறுப்பதில்தான் அவமானம்.

"போகட்டுமே, ஒரு வேடிக்கைதானே" என்பீர்கள். மனிதர் ஏற்றும் மகர விளக்கைத் தானே தோன்றும் ஜோதி என்று பக்தர்கள் நம்பி வந்தார்கள். 2011ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, அதைக் காணத் திரண்ட கூட்டம் திரும்புகையில் புல்மேட்டு நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அது மனிதர் ஏற்றுவது என்பதைத் தேவஸ்வம் அதிகாரிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வானத்து ஒளியை விசாரியாமல் நம்பும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

வேறு உலகங்களில் உயிரே கிடையாது என்று நாம் சாதிக்க வரவில்லை. இருக்கலாம், ருஜு வந்தால் ஏற்போம். அமெரிக்க நாசா நியமித்த குழு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையும், இவ்வொளிகள் வேற்றுலகத்திலிருந்து வந்தவை என்பதற்கு ருஜு இல்லை என்றுதான் சொல்லிற்று.

வாலிபத் தோழர்களே! பணத்தைத் தொலைக்காமல் சோதனை செய்யுங்கள். ஒளி தோன்றினால் காமிராவைச் சற்றுத் திருப்புங்கள். மரமும் கட்டடமும் நகர்ந்த திசையில் நகராமல் ஒளி படத்தின் நடுவிலேயே நின்றாலும், எதிர்த்திசையில் ஓடினாலும், அது லென்சின் பிள்ளை. பிறகு விழுப்புரத்தில் ஒருவரும், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளித் திண்டிவனத்தில் ஒருவரும், ஒரே நிமிஷத்தில் அதே ஒளியை நட்சத்திரங்களோடு சேர்த்துப் படம் பிடியுங்கள். கொசுவானால் ஒரு படத்தில்தான் இருக்கும். ஆகாய விமானமானால் இரண்டு படங்களிலும் நட்சத்திரங்களிடையே வெவ்வேறு இடத்தில் நிற்கும். அந்த வித்தியாசத்தைக் கொண்டு தூரத்தையும் கணக்கிடலாம். சுக்கிரனானால் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும்.

இச்சோதனைக்குப் பறக்கும் தட்டுக்காரர்கள் சம்மதிப்பார்களா? சம்மதித்தால் நாமும் கூட வரத் தயார். சம்மதியாமல், "நம்பிக்கை உள்ளவனுக்கே தெரியும்" என்பார்களானால், அந்தப் பாட்டை நாம் கோயில் வாசலிலேயே கேட்டாயிற்று. யோசித்துப் பாருங்கள்!