விதியின் காரணத்தையும் கற்பிக்க வேண்டும்

பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தேசத்தின் பிரதிநிதியாக அமர்ந்து, சர்வதேசப் பிரச்சினைகளில் வாதப் பிரதிவாதம் நிகழ்த்தித் தீர்மானம் இயற்றிப் பழகும் மாதிரி ஐக்கிய நாடுகள் சபை என்னும் பயிற்சி நம் நகரங்களில் பெருகி வருவதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆயினும், அதற்கென மாணவர்களுக்கு அளிக்கப்படும் ஆயத்தக் குறிப்புகளைப் படிக்கும்போது, எந்தத் தருணத்தில் எந்த வாசகத்தைச் சொல்லி நாட்டின் பெயர் அட்டையை உயர்த்த வேண்டும் என்பது விஸ்தாரமாகவும், அவ்வாறு சொல்லும் அவசியம் ஏன் நேர்ந்தது என்பது அறவே இல்லாமலும் இருக்கக் கண்டு விசனம் உண்டாகிறது.

இப்பயிற்சி ஐ.நா. சபைக்கும் மூத்தது, 1920களில் அமெரிக்கக் கல்லூரிகளில், ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கத்தின் மாதிரிக் கூட்டங்களாகத் தொடங்கியது. வளர்ந்த காலத்தில் பாராளுமன்றச் சம்பிரதாயங்கள் பலவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதால், மாணவர் சபைகளில் கையாளப்படும் விதிகள் சில, நியூயார்க்கில் உள்ள மெய்யான சபையின் விதிகளோடு பொருந்துவதில்லை. வருகைப் பதிவின்போது 'பிரசன்ட்' என்று மட்டும் சொன்னவர் பின்னர் நடுநிலை வகிக்கலாம் என்றும், 'பிரசன்ட் அண்ட் வோட்டிங்' என்று சொன்னவர் ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களித்தே தீர வேண்டும் என்றும் நம் மாணவர்கள் உருப்போடுகிறார்கள். பொதுச் சபையின் நடைமுறை விதிகளிலோ, அந்தச் சொற்றொடர் எந்தப் பிரதிநிதியையும் கட்டுப்படுத்துவதில்லை. பெரும்பான்மையைக் கணக்கிடும்போது ஆதரவு வாக்கையும் எதிர்ப்பு வாக்கையும் மட்டுமே எண்ண வேண்டும், நடுநிலை வகித்தவர் வாக்களியாதவராகவே கருதப்படுவார் என்பதே அதன் தாத்பரியம்.

இத்தகைய கணக்கு எவ்வளவு பெரிய காரியத்தை நிர்ணயிக்கக்கூடும் என்பதற்குச் சீனாவின் ஆசனத்தைப் பற்றிய நீண்ட வழக்கே சாட்சி. அந்த ஆசனம் பீகிங் (பெய்ஜிங்) அரசாங்கத்துக்கு உரியதா, தைவானிலிருந்த சியாங் கை ஷேக்கின் அரசாங்கத்துக்கு உரியதா என்ற சர்ச்சையில், பிரதிநிதித்துவத்தை மாற்றும் பிரேரணை எதுவும் 'முக்கியப் பிரச்சினை' ஆகையால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று 1961இல் அமெரிக்காவும் அதன் நேச நாடுகளும் பொதுச் சபையை முடிவு செய்ய வைத்தன. அதன் பயனாக, 1970இல் பீகிங்குக்குச் சாதகமாக 51 வாக்குகளும் பாதகமாக 49 வாக்குகளும் கிடைத்து, பெரும்பான்மை இருந்தும் தீர்மானம் தோற்றது. மறு ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி, மீண்டும் இதை முக்கியப் பிரச்சினையாகவே கொள்ள வேண்டும் என்ற பிரேரணை 55க்கு 59 என்ற கணக்கில் வீழ்ந்தது. தைவான் பிரதிநிதிகள் அடுத்த வாக்கெடுப்புக்குக் காத்திராமல் மண்டபத்தை விட்டு வெளியேறினார்கள். பிறகு, 17 நாடுகள் நடுநிலை வகிக்க, 76க்கு 35 என்று பீகிங் ஆசனம் பெற்றது. முந்தைய பிரேரணை வீழ்ந்ததால் சாதாரணப் பெரும்பான்மையே போதுமாயிருந்தது; மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தாலும், வாக்களித்த 111 நாடுகளில் அது 74தான். நடுநிலையாளரையும் சேர்த்து எண்ணுவதானால் 86 வாக்குகள் வேண்டியிருந்திருக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்த வழக்கின் முடிவுக்கு வழி திறந்தது, ஆசனம் யாருக்கு என்று தானே தீர்மானிக்காத அந்த நடைமுறைப் பிரேரணையின் வீழ்ச்சிதான் என்பதை அறிந்த மாணவன், விதிப் புத்தகத்தை இனி வெறும் சடங்காக நினைப்பானா?

தீர்மானத்தின் சொற்களும் அவ்வாறே. 'கண்டிக்கிறது', 'வற்புறுத்துகிறது', 'கேட்டுக்கொள்கிறது' என்ற வினைச்சொற்களை அட்டவணையாக மனப்பாடம் செய்வதைவிட, நாடுகள் மீது பொருளாதாரத் தடை விதித்துக் கட்டளையிடும் அதிகாரம் பாதுகாப்பு சபைக்கு உண்டு, பொதுச் சபை அத்தகைய விஷயத்தில் சிபார்சு மட்டுமே செய்ய இயலும் என்ற பேதத்தைத் தெரிந்துகொண்டால், எந்தச் சபையில் எந்தச் சொல் பொருந்தும் என்பது தானே விளங்கும்.

இன்னொன்று எனக்கு மிகவும் கவலை அளிப்பது. பொதுச் சபையின் தீர்மானங்களில் பெரும்பாலானவை வாக்கெடுப்பே இன்றி, நாள் கணக்கில் நடக்கும் சமரசப் பேச்சின் பலனாக, சர்வசம்மதமாக நிறைவேறுகின்றன. மாணவர் சபைகளிலோ சிறந்த பிரதிநிதிக்கான பரிசைக் கருதி, அடிக்கடி எழுந்து பேசுபவரும், ஒழுங்குப் பிரச்சினை எழுப்பி எதிராளியை மடக்குபவருமே மேலோங்கி நிற்கிறார்கள். எதிர்த்தரப்பின் வாசகத்தில் எதை ஏற்றால் தன் நாட்டுக்குக் கேடில்லை என்று பொறுமையாக ஆராயும் பிள்ளை கடைசி வரிசையிலேயே இருந்துவிடுகிறது.

விதிகளின் காரணங்களைத் தமிழிலேயே விளக்கிவிட்டுப் பிறகு ஆங்கில வாசகங்களுக்குச் செல்லலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் தயக்கமின்றி வந்து அமர்வதற்கு அதுவே முதல் உபாயம். பயிற்சியின் முதல் நாளை 1971ஆம் ஆண்டு விவாதத்துக்கே ஒதுக்கி, இரண்டு பிரேரணைகளையும் மாணவர் கையில் கொடுத்து, எதை முதலில் வாக்குக்கு விடுவது என்பதை அவர்களே வாதிட்டு முடிவு செய்யச் சொல்லலாம். அந்த நாளில் பரிசு எதுவும் வழங்கலாகாது.