மறியல் செய்ய முடியாத ராஜ்யம்

கடலூர் சில்வர் பீச்சில் காலை நடை வரும் எங்கள் கோஷ்டியில் ஆறு பேர். எல்லோரும் பென்ஷன்காரர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது யாராவது ஒருவர், "இந்த நாட்டுக்கு ஒரு பத்து வருஷம் மிலிட்டரி ரூல் வேணும் சார், அப்பத்தான் உருப்படும்" என்று ஆரம்பித்து விடுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பழகிப்போய் நானும் காதில் வாங்குவதில்லை.

ஆனால் அதே வசனத்தை சிதம்பரத்தில், மகள் வீட்டு மாடியில், இருபது வயதுப் பேரன் வாயால் கேட்டபோது சும்மா இருக்க முடியவில்லை. அவன் சொன்னது நம் நாட்டைப் பற்றி அல்ல. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. அதனால் என்ன?

விளையாட்டின் பெயர் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்'. 2010-ல் வந்தது. பதினைந்து வருஷம் கழித்தும் பையன்கள் அதைப் பற்றி ராத்திரி ஒரு மணி வரை சண்டை போடுகிறார்கள். கதை இதுதான். 2077-ல் அணுகுண்டுப் போர் நடந்து உலகம் பாழாகிவிட்டது. இருநூறு வருஷம் போன பிறகு, 2281-ல், அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் மிஞ்சியவர்கள் பிழைத்துக் கிடக்கிறார்கள். அங்கே இன்னும் இயங்குகிற ஒரு பெரிய சொத்து ஹூவர் அணை. தண்ணீர், மின்சாரம் இரண்டும் அதிலிருந்துதான். அந்த அணை யாருக்கு என்பதே போட்டி. ஆடுபவர் ஒரு சாதாரணத் தபால்காரர். (எங்கள் கோஷ்டியில் இருக்கும் தபால்துறை நண்பருக்கு இதைச் சொன்னேன். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.) அவர் யார் பக்கம் சேருகிறாரோ அவர்கள் ஜெயிப்பார்கள். கடைசியில் ஒவ்வொரு ஊருக்கும் என்ன ஆனது என்று படம் படமாகக் காட்டுவார்கள்.

நான்கு முடிவுகள். ஒன்று, கலிபோர்னியாவிலிருந்து வந்த குடியரசு. தேர்தல், பார்லிமென்ட், வரி, லஞ்சம், ஃபைல் எல்லாம் உண்டு. இரண்டு, சீசர் என்பவனின் லீஜன் படை. பழைய ரோமாபுரிப் புத்தகங்களைப் படித்துவிட்டு ஒரு மனிதன் கட்டிய அடிமை ராஜ்யம். மூன்று, மிஸ்டர் ஹவுஸ் என்ற கோடீஸ்வரர். இருநூறு வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டு எந்திரப் போலீஸை வைத்து ஊரை ஆள்பவர். நான்கு, ஒருவருக்கும் கட்டுப்படாத சுதந்திர வேகாஸ்.

பேரனும் அவன் தோழர்களும் குடியரசைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். "ஊழல் தாத்தா. வரி வாங்குவான், வேலை நடக்காது." சரி. "லீஜன் ஏரியாவுல ரோட்டுல கொள்ளையே கிடையாது, தெரியுமா? வியாபாரிங்களே சொல்றாங்க." இன்னொருவனுக்கு ஹவுஸ்தான் தெய்வம். "அவர் ஜீனியஸ் அங்கிள். ஐம்பது வருஷத்துல ராக்கெட் விடுவேன்னு சொல்றார்."

முதலில் கொள்ளை இல்லாத சாலையைப் பார்ப்போம். எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது என்று சொல்பவர்கள் நம் வயதில் நிறைய பேர் உண்டு. அதே காலத்தில்தான் சென்னை மத்தியச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977-ல் இறந்தார். பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் உட்கார்ந்து விசாரித்தது. அந்த விசாரணையே தேர்தலில் ஆட்சி மாறியதால்தானே வந்தது? லீஜனில் எந்தக் கமிஷன் உட்காரும்? நிப்டன் என்ற ஊரைச் சிலுவைமரத் தோப்பாக்கிவிட்டுப் போகிறார்கள், கேட்க ஆளில்லை. பெண்கள் மொத்தமும் அடிமைகள். வியாபாரிக்குச் சாலை பத்திரம் என்றால் அந்த வியாபாரி ஆண் என்று அர்த்தம், அவ்வளவுதான். என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த முடிவுல எனக்கு என்னடா வேலை?" என்றாள். பையன்களிடம் பதில் இல்லை.

இன்னொரு சங்கதி. சீசர் தன் ஆட்களுக்கு நவீன மருத்துவத்தையே தடை செய்தவன். ஆனால் அவனுக்கு மூளையில் கட்டி வந்ததும் தன் கூடாரத்தில் தானியங்கி வைத்திய எந்திரம் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான். அதுவும் ரிப்பேர்! அவன் போனால் அடுத்தவன் யார்? முகமூடி போட்ட ஒரு தளபதி, வெட்டத் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஒரு மனிதனை நம்பிக் கட்டிய ராஜ்யம் அந்த மனிதனின் தலைக்குள் இருக்கும் கட்டியளவுதான் உறுதி.

ஹவுஸ் விஷயம் கொஞ்சம் கஷ்டம். அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். போர் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஊர்மேல் விழ வந்த குண்டுகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்தவர். ஆனால் அவர் காப்பாற்றுவது விளக்கு எரியும் அந்த ஒரு தெருவை. மதிலுக்கு வெளியே ஃப்ரீசைட் என்ற பகுதியில் ஜனங்கள் பசியில் கிடக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் என் தொழில் குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது நான் மின்வாரியத்தில் வேலையில் இருந்தேன். மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் காற்று. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கம்பங்கள் தீக்குச்சி மாதிரி முறிந்து கிடந்தன. உலகம் அழிந்த பிறகு எப்படி இருக்கும் என்று நமக்குக் கம்ப்யூட்டர் காட்டித் தர வேண்டியதில்லை. அதற்கு ஏழு வருஷம் முன்புதான் சுனாமி வந்து பிச்சாவரம் பக்கத்தில் எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊரையே இல்லாமல் ஆக்கியிருந்தது.

தானேக்குப் பிறகு மற்ற மாவட்டங்களிலிருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்தார்கள். கல்யாண மண்டபங்களில் படுத்துக்கொண்டு, ஊர் ஊராகக் குழி தோண்டிக் கம்பம் நட்டார்கள். பண்ருட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பத்து நாளாகியும் கரண்ட் போகவில்லை. ஒரு அம்மா எங்கள் ஜீப்பை மறித்து, கையில் இருந்த குடத்தை நடுரோட்டில் வைத்து, அதற்கு முன்னால் தானும் உட்கார்ந்து கொண்டார். பின்னால் ஊரே உட்கார்ந்தது. எங்களுக்கு விழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. மறுநாள் சாயந்திரம் அந்த ஊருக்கு லைட் எரிந்தது.

பேரனிடம் நான் கேட்டது இதைத்தான். ஹவுஸ் ஆட்சியில் அந்த அம்மா எங்கே உட்காருவார்? திரையில் தெரியும் ஒரு முகத்துக்கு முன்னால் குடம் வைக்க முடியுமா? ஒற்றைச் சக்கரத்தில் உருண்டு வரும் எந்திரப் போலீஸ் வசவுக்கு வெட்கப்படுமா? குடியரசு மந்தமானது, திமிர் பிடித்தது, பணக்கார மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் கையைக் கட்டி நிற்பது. எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கிலும் மறியல் செய்யக்கூடிய ராஜ்யம் அது ஒன்றுதான்.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த உலகத்தில் கதிர்வீச்சால் இரண்டு தலையோடு பிறக்கும் மாட்டுக்கு 'பிராமின்' என்று பெயர். 2008-ல் இதற்கு முந்தைய பாகத்தை இந்தியாவில் வெளியிடுவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கலாசார உணர்வுகள் என்று பொதுவாகச் சொன்னார்கள். காரணம் இந்த மாடுதான் என்று எல்லோரும் ஊகித்தார்கள்.

சுதந்திர வேகாஸ் கட்சிக்காரர்களும் உண்டு. ரொம்ப அழகான பெயர். உள்ளே போய்ப் பார்த்தால், ஹவுஸின் அதே எந்திரப் படை தபால்காரர் கைக்கு மாறுகிறது, யார் எது சொன்னாலும் 'ஆமாம்' போடும் ஒரு எந்திரம் பக்கத்தில் நிற்கிறது. யாரும் ஓட்டுப் போடவில்லை. ஜமீன் மாறியிருக்கிறது, ஜமீன்தாரி ஒழியவில்லை.

இதையெல்லாம் விட்டுவிட்டு, பையன்கள் தேதிச் சண்டையில் இறங்கிவிடுகிறார்கள். 2024-ல் வந்த தொலைக்காட்சித் தொடரில், ஒரு பள்ளிக்கூடக் கரும்பலகையில் குடியரசின் தலைநகரம் 2277-ல் வீழ்ந்ததாக எழுதியிருக்கிறதாம். 2281-ல் நடக்கும் விளையாட்டில் குடியரசு நன்றாக இருக்கிறதே, எப்படி என்று ஒரு வாரம் தூங்கவில்லை. இதில் நாம் சிரிக்க யோக்கியதை இல்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நம் தலைமுறை அடித்துக்கொண்டது கொஞ்சமா? கல்கி முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கான கல்வெட்டோ சிதம்பரத்துக்குப் பக்கத்தில், காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில், கொலைகாரர்களின் பெயரோடு நிற்கிறது. அந்தக் கல்வெட்டைப் போய்ப் பார்த்தவர்களைவிட நாவலை வைத்துச் சண்டை போட்டவர்கள் அதிகம்.

ஆனால் தேதி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். அணை யாருக்கு, தண்ணீர் யாருக்கு என்பதுதானே கேள்வி? விளையாட்டில் ஓரிடம் வருகிறது. குடியரசின் குத்தகை விவசாயிகளுக்குப் போகும் குழாய்த் தண்ணீரைப் பக்கத்து ஏழைக் குடியிருப்பு ரகசியமாகத் திருப்பிக்கொள்கிறது. கண்டுபிடித்த தபால்காரர் காட்டிக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். பையன்கள் பெரும்பாலும் இதை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறார்கள்.

பேரனின் தோழர்களில் ஒருவன் காட்டுமன்னார்கோயில்காரன், விவசாயக் குடும்பம். 2004-லிருந்து வீராணம் தண்ணீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்குப் போகிறது, நாளைக்கு 18 கோடி லிட்டர் போகும் திட்டம் அது. அதன் மடைகளைப் பார்த்து வளர்ந்தவன். அன்று மாடியில் அவன் அதிகம் பேசவில்லை. குழாய் இடத்தில் நீ என்னப்பா செய்தாய் என்று கேட்டேன். "மூணு நாள் கேமை நிறுத்தி வெச்சிட்டேன் தாத்தா," என்றான். "அப்புறம்?" "ரெண்டு பக்கமும் நம்ம ஜனங்க மாதிரிதான் இருந்தாங்க. காட்டிக் கொடுக்கலை."