காரின் காதைப் பிடுங்கலாமா?

காரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. மேடு ஏற வண்டி திணறுகிறது. பட்டறைக்குப் போனால், "நாக் சென்சார் போச்சு, மாற்றணும்" என்கிறார்கள். உடனே தலையாட்டிவிடக் கூடாது!

நாக் சென்சார் என்பது என்ஜினின் காது. பெட்ரோல் சீராக எரியாமல் தாறுமாறாக வெடித்தால், உள்ளே "டக் டக்" என்று தட்டும். அந்த அதிர்வு சென்சாரில் உள்ள சிறு வில்லையை அழுத்தும். அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். (படிகங்களுக்கு இந்தக் குணம் உண்டு என்று 1880-ல் கண்டவர்கள் கியூரி சகோதரர்கள்.) மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர் தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக விடும். தட்டல் நின்றுவிடும்.

காது செவிடானால்? கம்ப்யூட்டர் பயந்துபோய், எப்போதும் தாமதமாகவே பொறி விடும். வண்டி சோம்பும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

எலி செய்த வேலை

சோதனைக் கருவியில் "பி 0325" என்று வந்தால், சென்சார் கெட்டது என்று அர்த்தம் அல்ல. சென்சாரிலோ, அதன் கம்பியிலோ கோளாறு, அவ்வளவுதான். கம்பியை எலி கடித்திருக்கலாம். இணைப்பில் துரு ஏறியிருக்கலாம். அதைப் பாராமல் சென்சாரை மாற்றினால் பணம் போகும், விளக்கு அணையாது!

1990-களில் அமெரிக்காவில் ஓடிய டொயோட்டா கேம்ரி வி-6 கார்களில், சென்சார் காற்றுக்குழாய்த் தொகுதிக்கு அடியில் இருந்தது. அதைத் தொடவே மேலே உள்ளதையெல்லாம் கழற்ற வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்காரர் இரண்டு முறை கூலி கொடுப்பது என்ன நியாயம்?

மாற்றியே ஆகவேண்டும் என்றாலும், உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே போல்ட்டை முறுக்க வேண்டும். தளர்ந்திருந்தால் புதிய காதுக்கும் கேட்காது.