தலவாக்கலையில் நடுவில் நிற்கும் வீடு எது?

பதிவு கொஞ்சம் நீளம், கணக்கும் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

நமது ஊரில் கூட்டு ஸகாத், பிள்ளைகளின் கொப்பிப் புத்தக உதவி என்று பேச்சு வரும்போதெல்லாம் "மாதம் எவ்வளவுக்குக் கீழே என்றால் கொடுக்கலாம்?" என்று ஒரு கேள்வி எழும். உடனே யாராவது ஒருவர் இணையத்தில் தேடி இலங்கையின் சராசரியைச் சொல்வார். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வுப்படி ஒரு வீட்டின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. அந்தத் தொகையை நமது எல்லையாக வைப்பது பிழை என்பதே என் கருத்து.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இடையம் 53,333 ரூபா. சாதாரண தரப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்லித் தருவார்கள்: எல்லா வீடுகளையும் வருமான வரிசையில் நிறுத்தினால் சரி நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம்தான் இடையம். ஒரு தெருவில் ஐந்து வீடுகள் என்று வைப்போம். நான்கு வீட்டில் 30,000, 35,000, 40,000, 50,000. ஐந்தாவது ஹார்ட்வெயார் முதலாளிக்கு 400,000. சராசரி 111,000 வரும். அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடே கிடையாது. இடையம் 40,000. யாருடைய வாழ்க்கையை எந்த எண் சொல்கிறது என்று பாருங்கள்.

சரி, 53,333ஐ எடுக்கலாமா? அதுவும் முழு நாட்டுக்கானது. அதே ஆண்டில் நகரப் பிரிவின் சராசரி 116,670, தோட்டப் பிரிவின் சராசரி 46,865. நமது டவுன் நகரசபைக்குள் வருவதால் நகரத்தில் சேர்கிறது. பத்து நிமிடம் நடந்தால் வரும் லயம் தோட்டத்தில் சேர்கிறது. ஒரே பஸ்ஸில் போகும் இரண்டு பிள்ளைகள் இரண்டு வேறு அட்டவணைகளில் இருக்கிறார்கள். நாடு முழுக்க 25,000 வீடுகளைத் தெரிந்து செய்யும் ஆய்வு அது. மாவட்டத்தைப் பற்றிச் சொல்லும். தலவாக்கலையைப் பற்றித் தனியாகச் சொல்லும் அளவுக்கு இங்கே வீடுகள் விழாது. அஸ்வெசும பட்டியலும் இதற்கு உதவாது. அது 22 அளவுகோல்களுக்குப் புள்ளி போட்டு எடுத்தது, வருமானத்தை மட்டும் பார்த்ததல்ல.

ஆகவே நாமே எண்ண வேண்டும். ஒருமுறை எண்ணி விட்டுவிடாமல் ஒவ்வொரு வருடமும் எண்ண வேண்டும். பள்ளிக்கு வருகிறவர்களிடம் மட்டும் கேட்டால் அது ஊரின் கணக்காகாது. கிராம சேவகரிடமுள்ள வாக்காளர் இடாப்பைப் பார்த்து இத்தனையாவது வீடு என்று இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். நூறு வீடு கிடைத்தால் போதும். நூறையும் வரிசைப்படுத்தினால் உண்மையான இடையம் ஏறக்குறைய 40ஆவது வீட்டுக்கும் 61ஆவது வீட்டுக்கும் நடுவில் இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த இடைவெளியையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

"உங்கள் வருமானம் எவ்வளவு?" என்று நேரே கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன்! 20,000 முதல் 30,000, 30,000 முதல் 40,000 என்று வகுப்பாயிடைகளைக் காட்டி விரல் வைக்கச் சொல்லலாம். பிறகு திரள் மீடிறன் வளையி வரைந்தால் இடையம் வந்துவிடும்.

தோட்டத்து வீட்டில் இன்னும் கவனம் தேவை. நாட்சம்பளத்தை 25ஆல் பெருக்கினால் மாத வருமானம் ஆகாது. எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர், சேமலாப நிதிக்கு 8 வீதம், சந்தா, கைக்காசுக்குப் பறித்த கொழுந்து, கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்பியது எல்லாம் சேரவேண்டும். கொழுந்து குறையும் வறட்சி மாதத்தில் ஒரு வருடமும், கொழுந்து அள்ளும் மாதத்தில் அடுத்த வருடமும் கேட்டால் ஊர் முன்னேறியதுபோல் தெரியும். ஆகையால் ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் கேட்க வேண்டும். கல்யாணம் முடித்த மகன் தனி அடுப்பு வைத்தால் ஒரு வீடு இரண்டாகும். யாரும் ஏழையாகாமலே இடையம் இறங்கும். அடுப்பு எத்தனை, ஆள் எத்தனை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

விலைவாசியைக் கழிக்காமல் வருடங்களை ஒப்பிடவே கூடாது. 2021இல் 1,000 ஆன நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆனது. 35 வீதக் கூடுதல். ஆனால் 2022 செப்டம்பரில் மட்டும் கொழும்பு நுகர்வோர் விலை முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் கூடியிருந்தது. 1,350 ரூபாவைக் கூடுதல் என்று எப்படிச் சொல்வது? கோதுமை மா, அரிசி, தேங்காய், கேஸ், ஸ்கூல் வேன் என்று நமது கடைவீதி விலையையும் ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்கலாம்.

ஸகாத் யாருக்கு என்பது எட்டுக் கூட்டத்தாரைப் பற்றிய மார்க்க விடயம். அதை மௌலவிமார் சொல்லட்டும். நிஸாப் கொடுப்பவரின் சொத்தைப் பார்ப்பது, வாங்குபவரின் சம்பளத்தை அல்ல. ஆனால் நமது ஊரில் உண்மையாகவே யார் கஷ்டத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் பழகிய முகங்களுக்கே பொதி போகிறது. கேட்க வெட்கப்படும் வீடு விடுபடுகிறது. சகோதர தமிழ், சிங்களக் குடும்பங்களையும் இந்தக் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். வாடகையும் விலையும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஒரு பக்கப் படிவம் எழுதி வைத்திருக்கிறேன். பெயர் கேட்கும் கட்டம் அதில் இல்லை. ரமழானுக்கு முன் நான்கு சனிக்கிழமை வரக்கூடிய, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் தம்பி தங்கைமார் பத்துப் பேர் தேவை. இன்பொக்ஸில் சொல்லுங்கள்.