டேப்லெட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு டேப்லெட் வாங்கிக் கொடுக்காவிட்டால் நீயெல்லாம் ஒரு அப்பனா என்று கேட்கிற காலம் இது. சாத்தத்திலும் அதே கதைதான். கப்பலேறி வந்து பிழைக்கிற நம் தமிழ்க் குடும்பங்களில் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் காய்கறி விலை, சென்னைக் கப்பல் டிக்கெட், அதற்கடுத்து 'எந்த டேப் நல்லது சார்?' என்பதுதான் பேச்சு. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவன் என்பதால் அந்தக் கேள்வி கடைசியில் என் வாசலுக்கு வந்துவிடும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் இஷ்டம்.

என் கட்சி இதுதான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு டேப்லெட் ஒரு நல்ல துணைக்கருவி. ஆனால் அதற்காகக் கடன் வாங்கக் கூடாது. அச்சுப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு அதை வாங்கவும் கூடாது.

எங்கள் ஊர் சா மில் 1883-ல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. அறுக்கப் போகும் மரம் எது என்று பார்த்த பிறகுதான் ரம்பத்தை எடுப்பார்கள். நாம் என்னடாவென்றால் ரம்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மரத்தைத் தேடுகிறோம். பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

அந்தமானில் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடப்பவை. பத்தாம் வகுப்பில் கணக்கு, அறிவியல் போன்ற பாடங்களுக்கு 80 மதிப்பெண் தேர்வு, மூன்று மணி நேரம், பேனாவால் காகிதத்தில் எழுத வேண்டும். ஆக, கடைசியில் பிள்ளையைக் கரை சேர்ப்பது கையெழுத்தும் எழுதிப் பார்த்த பழக்கமும்தான். வீடியோ பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும். வெள்ளைத்தாளை முன்னால் வைத்தால்தான் எவ்வளவு புரிந்தது என்று தெரியும்.

படிப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. 2018-ல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று, அதுவரை வந்த 54 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வுகள் அவை. ஒரே பாடத்தைத் திரையில் படித்தவர்களைவிடக் காகிதத்தில் படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்திருந்தது. கதை படிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியவில்லை. தகவல் நிறைந்த பாடத்தில்தான் தெரிந்தது, அதிலும் நேரக் கெடு இருந்தபோது இன்னும் அதிகம். நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பது இந்த வகைதானே! 2023-ல் ஸ்வீடன் அரசு பள்ளிகளில் அச்சுப் புத்தகங்களைக் கூட்டுவதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது சும்மா இல்லை.

'அப்படியானால் டேப்லெட்டே வேண்டாம் என்கிறீர்களா?' இல்லை. தீவில் இருக்கிற நமக்கு அதன் உபயோகம் மெயின்லேண்டில் இருப்பவர்களைவிட ஒரு பங்கு அதிகம். புது வகுப்பு தொடங்கி ஒரு மாதமாகியும் புத்தகம் கப்பலில் வந்து சேராத வருடங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் எல்லாமே அவர்கள் தளத்தில் இலவசமாக பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. புத்தகம் வரும்வரை பாடம் நிற்காது. நல்ல டியூஷன் வாத்தியார் கிடைக்காத பாடத்துக்கு வீடியோவும் கைகொடுக்கும்.

எனவே, வாங்குவதானால் என்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அதில் எழுத முடிகிறதா? விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க மட்டும்தான் என்றால் அது சின்ன டி.வி. அவ்வளவுதான். உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டு பேனாவால் கணக்குப் போட முடிய வேண்டும். சில மாடல்களில் பேனா பெட்டியிலேயே வரும். சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும், ஐபேடுக்கு அப்படித்தான். விலையை ஒப்பிடும்போது பேனா, உறை இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் அதைக் கூட்டிச் சொல்ல மாட்டார் :)

இரண்டாவது, திரை அளவு. ஒரு ஏ4 தாளின் மூலைக்கு மூலை அளவு 14 அங்குலத்துக்குச் சற்று மேல். நீளவாக்கான 8 அங்குலத் திரையில் அந்தப் பக்கத்தை முழுதாகப் பார்த்தால் எழுத்து ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுருங்கிவிடும். பத்தரை அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தெரியும். பாடம் படிக்க என்றால் பத்து அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். மலிவாக இருக்கிறதே என்று எட்டு அங்குலம் வாங்கினால் பிள்ளை நாள் முழுக்கப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நகர்த்திக்கொண்டிருக்கும். கண்ணும் போகும், பொறுமையும் போகும்.

மூன்றாவது, நெட் இல்லாதபோது உதவுமா? சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு அந்தமானுக்கு இணையம் வந்தது 2020 ஆகஸ்ட் 10-ல். அதுவரை செயற்கைக்கோள் வழியாகத்தான் எல்லாம். அந்த வருடம் மார்ச்சில் பள்ளிகளை மூடி ஆன்லைன் வகுப்பு என்றபோது முதல் சில மாதம் நம் பிள்ளைகள் பட்ட பாடு இங்கிருந்தவர்களுக்குத் தெரியும். வாத்தியார் வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்பார், குரல் ஐந்து நிமிடம் கழித்து வரும். இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. இருந்தாலும் மழையும் புயலும் மின்வெட்டும் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகின்றன? விடுமுறைக்கு ஊருக்குப் போகும் கப்பலில் நடுக்கடலில் சிக்னலும் இருக்காது. ஆகவே இறக்கி வைத்துக்கொள்ள இடம் வேண்டும். 128 ஜி.பி. இருந்தால் நிம்மதி. மெமரி கார்டு போட வழி இருந்தால் இன்னும் நல்லது.

நான்காவது, கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்? இதை யாரும் கேட்பதே இல்லை. உப்புக்காற்றும் ஈரமும் சார்ஜ் போடும் துளையைத்தான் முதலில் பதம் பார்க்கும். எங்கள் வீட்டு டேப்லெட் ஒன்று அப்படித்தான் போனது. இங்கே பார்க்க ஆளில்லை என்று சென்னைக்கு அனுப்பி, திரும்பி வர ஏழு வாரம் ஆயிற்று. லித்தியம் பேட்டரி உள்ள பொருளை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். பெயர் கேள்விப்படாத கம்பெனியின் சாமானை மலிவாக வாங்கி அது மூன்றாம் மாதம் படுத்துவிட்டால், கப்பல் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மலிவு என்றதும் 'ஆகாஷ்' நினைவுக்கு வருகிறது. 2011 அக்டோபர் 5-ல் மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் வெளியிட்டார். டேட்டாவிண்ட் தயாரிப்பு, இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். உலகிலேயே மலிவான டேப்லெட் என்று ஊரெல்லாம் பேச்சு. ஏழு அங்குலத் திரை, அதுவும் அழுத்தினால்தான் கேட்கும் ரகம். 256 எம்.பி. நினைவகம். நோக்கம் உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் மாணவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தபோது மெதுவாக ஓடுகிறது, பேட்டரி நிற்கவில்லை என்று புகார் வந்தது. அடுத்த வருடமே திரையையும் வேகத்தையும் மாற்றி இரண்டாவது மாடலைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே 2011-ல் தமிழ்நாட்டில் முதல்வர் ஜெயலலிதா பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார். அரசியலை விட்டுவிடுங்கள். கீபோர்டு இருந்ததால் அதை வைத்து டைப் அடித்தார்கள், ப்ரோகிராம் எழுதிப் பார்த்தார்கள், காலேஜுக்கும் எடுத்துப் போனார்கள்.

இதிலிருந்து ஐந்தாவது விஷயம். பதினொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கப் போகிற பிள்ளைக்கு டேப்லெட் வாங்காதீர்கள். சி.பி.எஸ்.இ.யில் இப்போது பைத்தான் மொழி. அதற்குக் கீபோர்டும் லேப்டாப்பும்தான் சரி. ஒன்பதில் டேப்லெட், பதினொன்றில் லேப்டாப் என்று இரண்டு செலவு செய்வதற்குப் பதில், இரண்டு வருடம் பொறுத்து ஒன்றாக வாங்கலாம்.

ஆறாவது, கட்டுப்பாடு. 'லாக் போட்டு விடலாம் சார்' என்பார்கள். 2013-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி நிர்வாகம் மாணவர்களுக்கு ஐபேட் கொடுத்தது. நூறு கோடி டாலருக்கு மேல் திட்டம். கொடுத்த சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான மாணவர்கள் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு இஷ்டத்துக்கு மேய ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் அந்த ஒப்பந்தமே நிறுத்தப்பட்டது. அவ்வளவு பெரிய நிர்வாகத்தால் முடியாதது நம்மால் ஆகுமா? நான் சொல்லும் வழி பழசு. சிம் போடாத, வைஃபை மட்டும் உள்ள மாடலாக வாங்குங்கள். நெட் உங்கள் போனிலிருந்து போகட்டும். டேப்லெட்டுக்கு இடம் கூடத்து மேசை, இரவு சார்ஜ் ஏறுவதும் அங்கேயே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தூரப் பார்க்கச் சொல்லுங்கள். சாத்தத்தில் அதற்குப் பஞ்சமில்லை, ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கரையில் மவுண்ட் ஹாரியட் நிற்கிறது. (2021 முதல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர். போர்ட் பிளேயரே 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டதே.)

ஏழாவது, நம் தமிழ். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் இந்தி, வீட்டில் மட்டும் பேச்சுத்தமிழ் என்று வளர்கிற பிள்ளைகளுக்கு எழுத்து மெல்லக் கழன்றுகொண்டிருக்கிறது. பாட்டி அனுப்பிய கடிதத்தை அம்மா வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. டேப்லெட் வாங்கியதும் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இறக்கி வையுங்கள், காசு கிடையாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு பக்கம் பேனாவால் தமிழில் எழுதச் சொல்லுங்கள். இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பொருள் இதற்காவது உதவட்டும்.

கடைசியாகப் பணம். சென்ற மாதம் இங்கே ஆட்டோ ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார். "தம்பி, புள்ள பத்தாவது போறா. நாப்பதாயிரம் ரூவா டேப்பு, மாசத் தவணைல தாரேங்கான். வாங்கிரட்டா?" வேண்டாம் அண்ணாச்சி என்றேன். அந்தத் தவணை அவர் வீட்டு அரிசியில் கை வைக்கும். முதலில் அச்சுப் புத்தகம் முழு செட். 9 முதல் 12 வரையான புத்தகங்களின் விலையை 20 சதவீதம் குறைப்பதாக 2024 டிசம்பரில் என்.சி.இ.ஆர்.டி. அறிவித்தது நல்ல காரியம். பிறகு ஒரு மேசை, நல்ல விளக்கு, கரண்ட் போனாலும் எரிகிற ஒரு எமர்ஜென்சி லைட், கட்டுக்கட்டாக வெள்ளைத்தாள், பழைய வினாத்தாள்களின் ஜெராக்ஸ். இத்தனையும் வாங்கிய பிறகு கையில் மிச்சமிருந்தால், பேனாவோடு வரும் நடுத்தர விலை மாடல் ஒன்று போதும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருக்கிறது என்பது ஒரு காரணமே இல்லை. பிள்ளை முகம் வாடுமே என்றால், வாடட்டும், நாலு நாளில் சரியாகிவிடும். தவணை இருபத்து நாலு மாதம் நீளும். நம் வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளையிடம் மறைக்காமல் உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும்.